பதினான்காம் வரிசையின் உறைமோர்

ஒர்மேல் தீவில் யாரும் பக்கத்து வீட்டை ஒட்டுக்கேட்பதில்லை. அந்த வேலையைச் சாக்கடை பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு வரிசையின் கழிவுநீரும் நலவாரியத்தின் கருவிகளிடம் தன் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் கடலுக்குப் போக முடியும். எந்த வரிசையில் எப்படிப்பட்ட வயிறுகள் இருக்கின்றன என்பது அந்தக் கருவிகளுக்கு அத்துப்படி. பதினான்காம் வரிசைக்கு மட்டும் கருவி வைக்காமல் இழுத்துக்கொண்டே போனார்கள். அதையும் போன வாரம் வைத்துவிட்டார்கள்.

அன்று காலை வந்த அறிக்கையில் ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தது. ‘பதினான்காம் வரிசை. பதிவில் இல்லாத உயிர்.’ அதைப் படித்த ஜெயக்கொடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வரிசையில் மொத்தமே பதினொரு வீடுகள். மூன்றாவது வீடு அவள் அப்பா அம்மாவுடையது.

ஜெயக்கொடி எட்டு வருடமாகக் குடல்நல ஆய்வாளர். பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தீவில் அந்த வேலைக்குப் போலீஸ்காரரைவிட மரியாதை அதிகம்.

தலைமை அதிகாரி பெர்னார் மேசைக்கு வந்து அறிக்கையை எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், சட்டத்தில் மட்டும் கறார். தீவுமொழியில், “உங்க அப்பா அம்மா இருக்கிற வரிசையாச்சே. வேற ஆளை அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம், நானே போறேன்.”

“உன்மேல எனக்குச் சந்தேகம் கிடையாது, கொடி. மாதிரியை எடுத்து முத்திரை வச்சுக் கொண்டுவா. அது வெளியிலேர்ந்து வந்த உயிர்னு தெரிஞ்சா அந்த வீட்டுக்காரங்க அடுத்த கப்பல்ல ஏறணும். அதுல நீயும் ஒண்ணும் செய்ய முடியாது, நானும் ஒண்ணும் செய்ய முடியாது.”

கொடி தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த உயிர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் அடுக்களையில், நீல மூடி போட்ட சட்டிக்குள். அதை இந்தத் தீவுக்குள் கொண்டுவந்ததும் வேறு யாருமில்லை, அவளேதான்.

ஒர்மேலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கப்பலை நேர்தெற்கே விட்டால், வழியில் எந்தக் கரையிலும் முட்டாமல் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய் இந்தத் தீவின் பக்கம் சேரலாம். கடல் பெருகி உலகத்தின் பாதிக் கரைகளை விழுங்கிய பிறகு, பனி உருகி மனிதர் வாழத் தோதாக ஆன சில இடங்களில் இதுவும் ஒன்று. இங்கே மரம் இல்லை, நெல் இல்லை, கோதுமை இல்லை. கடலில் பழுப்புப் பாசி மட்டும் அள்ள அள்ளக் குறையாமல் வளர்கிறது. ரொட்டி, கஞ்சி, சேவை எல்லாம் அந்தப் பாசி மாவில்தான். கரையோரம் மேயும் செம்மறியாடுகூடப் பாசியைத்தான் தின்கிறது.

ஆனால் மனித வயிறு அந்தப் பாசியைச் செரிக்காது. தீவில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களின் குடலில் மட்டும் அதைக் கரைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறியிருந்தன. எனவே வேலைக்கு ஆள் தேவைப்பட்ட தீவு, வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நுண்ணுயிர்களை மாத்திரையாகக் கொடுத்துக் குடல்மாற்று செய்தது. பதினைந்து வயதுக்குள் என்றால் அது பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் உடம்பில் அது ஒட்டாது. அவர்கள் ஆயுசுக்கும் கப்பல் அரிசியைத்தான் சமைத்துச் சாப்பிட வேண்டும்.

கொடிக்கு அதை விளக்கிச் சொன்னவள் ஒதீல். கண்ணாடித் தோட்டத்தில் காய்கறி வளர்க்கிறவள், அப்போது முப்பத்தெட்டு வயது. துறைமுகத்துத் தனிமை முகாமில், காதில் மாட்டிய மொழிபெயர்ப்புக் கருவி வழியாக ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அவள் பேசினாள்.

“உன் வயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்கு. அங்க இருக்கிறவங்களுக்குப் பாசி சமைக்கத் தெரியாது. அதனால என் வயித்து ஊர்லேர்ந்து கொஞ்சம் பேரை உன் ஊருக்கு அனுப்பிவைக்கப் போறேன். மூணு வாரம் மாத்திரை முழுங்கணும். முழுங்குவியா?”

“முழுங்குனா எங்க அம்மா சோறு சாப்பிடலாமா?”

ஒதீல் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். “அது முடியாது, கண்ணு. பழைய ஊர்க்காரங்க உள்ள வந்தா புது ஆளுங்க செத்துப்போவாங்க” என்றாள்.

அவள் சும்மா சொல்லவில்லை. அதற்கு ஆறு வருடம் முன்னால், யாரோ ஒரு குடும்பம் ஒளித்துக் கொண்டுவந்த புளித்த மாவிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க வெளி நுண்ணுயிர் பரவிவிட்டது. முப்பத்தொரு பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே மெலிந்து செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி ஒதீலின் ஏழு வயது மகள். இரண்டு அடுப்புச் சட்டம் அப்படித்தான் வந்தது. மாற்று செய்த பிள்ளைக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. பெற்றவர்கள் கையால் ஊட்டக்கூடாது. வெளியிலிருந்து தயிர், புளித்த மாவு, ஊறுகாய் எதுவும் தீவுக்குள் வரக்கூடாது. கொண்டுவந்தால் குடும்பத்தோடு கப்பல்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே கொடியின் அம்மா செல்லக்கனி தன் வேலையைச் செய்துமுடித்திருந்தாள். ஊரைவிட்டுக் கிளம்புகிற எந்தத் தாயும் செய்கிற வேலைதான். வெள்ளை வேட்டித் துண்டைக் கெட்டித் தயிரில் முக்கி, வெயிலில் காயவைத்து, மடித்து, மகளின் பச்சைப் பாவாடையின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். போன இடத்தில் பாலில் அந்தத் துண்டைப் போட்டால் ஊர்த் தயிர் உறைந்துவிடும் என்பது கணக்கு. முகாமில் எல்லோருடைய துணியையும் கழற்றி வாங்கி நீராவி உலைக்குக் கொண்டுபோனபோது, அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துக் கொடி பாவாடையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒதீல்தான் காவலாளியிடம் ஏதோ சொல்லி அந்த ஒரு பாவாடையைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அது துவைத்துத் தேய்த்து மடித்துத் திரும்பி வந்தது.

இருபத்துநாலு வருடமாகக் கொடியின் மனதை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். தன் பிள்ளையைச் சாகக்கொடுத்த ஒருத்தி, இரக்கப்பட்டுத் திருப்பிக்கொடுத்த துணிக்குள் அதே ஆபத்து இருந்திருக்கிறது. அந்தத் தயிர் வீட்டில் இன்னமும் உறைந்துகொண்டிருக்கிறது. அம்மா அதற்கென்று கையைக் கிருமிநாசினியில் பத்துத் தரம் கழுவுவாள், நீல மூடியைத் தன் அடுப்பைத் தாண்டி நகர்த்தவே மாட்டாள். கொடியும் அந்தச் சட்டி இருக்கும் பக்கம் பார்க்காமலே வளர்ந்து, படித்து, ஆய்வாளரும் ஆகி, மற்றவர் வீட்டு அடுக்களைகளைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

பதினான்காம் வரிசையில் இறங்கியபோது ஒதீல் தன் வீட்டுச் சன்னலோரம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டியும் கண் கூர்மையாகத்தான் இருந்தது. பெட்டியைப் பார்த்தாள், கொடியின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் அசைத்தாள். கொடி குனிந்த தலையோடு அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

“என்னட்டி, வேல நாள்ல வந்து நிக்க? மேலுக்கு முடியலியா?” என்றாள் செல்லக்கனி.

அப்பா பொன்னுலிங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முத்தையாபுரத்து உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரிய மனிதர். உப்பளம் கடலுக்குள் போனபிறகு வேறு வழியில்லாமல் கப்பலேறியவர். தீவுச் சாப்பாட்டைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “பாசியத் திங்குறது மீனு. நான் என்ன மீனா?”

கொடி கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. சுற்றிவளைத்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. கேட்டு முடித்ததும் பொன்னுலிங்கம் எழுந்து நின்றார்.

“நாந்தான் கொண்டாந்தேன்னு எழுது. உங்கம்மைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுது. என்னைய மட்டும் ஏத்தி விடட்டும்.”

“அங்க எங்கப்பா போவீங்க? ஊருதான் தண்ணிக்குள்ள கெடக்கே.”

“எங்கயோ போறேன். இந்த வயசுல எனக்கு என்ன வேணும்? நீங்க ரெண்டு பேரும் இருங்க.”

“சட்டம் வீட்டுக்கேப்பா. ஆளுக்கு இல்ல.” கொடி பெட்டியிலிருந்து படிவத்தை எடுத்தாள். “கொண்டாந்தது நான். என் பாவாடையில. அதையும் சேத்துத்தான் எழுதணும். எழுதத்தான் போறேன்.”

செல்லக்கனி அதுவரை அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், உள்ளே போய் நீல மூடிச் சட்டியை இரண்டு கையாலும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் மகளைப் பார்த்துப் பேசினாள்.

“அது ஊர்லருந்து வந்தது இல்ல, கொடி.”

“என்னம்மா சொல்லுதீங்க?”

“வீட்டுக்கு வந்த நாலாம் நாளு அந்தத் துணிய மூணாக் கிழிச்சு ஒரு துண்ட பால்ல போட்டேன். உறையல. மறுநா இன்னொரு துண்டு. பால் அப்படியே கெடக்கு. மூணாவதப் போட்டேன், பால் கெட்டு நாத்தமடிச்சிது. கப்பல்ல அத்தன நாளு கெடந்ததுல உறை செத்துப் போச்சு போலுக்கு.”

பொன்னுலிங்கம் மெல்ல உட்கார்ந்தார்.

“உங்கப்பா அப்ப செவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தாவ. ஒரு வாய்ச் சோறு எறங்கல. அடுத்த கப்பலுக்குப் பேரு குடுத்துட்டு வந்துட்டாவ. ஒனக்கு அப்பத்தான் மாத்திரை முடிஞ்சிருக்கு. திரும்ப மாத்துனா புள்ள தாங்காது, ஊருத் தண்ணி குடிச்சாலே ஆபத்து, போறதுன்னா புள்ளைய ஒதீல் வீட்டுல விட்டுட்டுத்தான் போவணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒன்னைய விட்டுட்டு நான் எங்கட்டி போவேன்?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கு ஒதீல் வந்து ஒரு கை பச்ச மிளகா தந்தா. தோட்டத்து மண்ண எடுத்தாந்து சன்னல்ல வளத்தது. எங்களுக்குக் காரம் வேணும்னு அவளுக்கு யாரோ சொல்லிருக்காவ. காம்பக் கிள்ளையிலதான் ஞாவகம் வந்துச்சு. ஊர்ல உறை இல்லாட்டி மிளகாக் காம்பத்தான போடுவோம்? வெதுவெதுன்னு இருந்த ஆட்டுப்பால்ல ஏழு காம்பப் போட்டுப் போர்வையச் சுத்தி அடுப்புப் பக்கத்துல வச்சேன். மறுநா தண்ணியா உறைஞ்சிருந்துச்சு. அதுலருந்து ஒரு கரண்டி அடுத்த பாலுக்கு. மூணாந்தரம் கத்தியால வெட்டலாம் போல வந்துட்டு.”

“எங்கிட்ட நீ ஊரு உறை பிடிச்சிட்டுன்னு சொன்ன” என்றார் பொன்னுலிங்கம். கோபமாக இல்லை. நினைவுபடுத்துகிற மாதிரிதான் சொன்னார்.

“சொன்னேன். நீங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டு அழுதீங்க. மறுநா போயி கப்பல்லருந்து பேர எடுத்துட்டு வந்துட்டீங்க. அதுக்கப்புறம் நான் எப்படி உண்மையச் சொல்ல?”

“அப்ப இத்தன வருசமா நான் தின்னது...”

“இங்கத்ததுதான். வேர்லருந்து நுனி வரைக்கும் இங்கத்ததுதான்.”

கொடிக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இந்த வீட்டில் அவர் ஊர் என்று பிடித்துக்கொண்டிருந்தது அந்தச் சட்டி ஒன்றைத்தான். அதையும் இப்போது எடுத்தாகிவிட்டது. எடுக்காவிட்டால் வீடே போயிருக்கும்.

அவள் கையுறை மாட்டி, ஒரு துளி தயிரை எடுத்துக் கைக்கருவிக்குள் விட்டாள். ஐந்து நிமிடத்தில் விடை வந்தது. அம்மா சொன்னதில் பொய் இல்லை. தயிரில் இருந்த உயிர்கள் எல்லாம் தீவின் கண்ணாடித் தோட்டத்து மண்ணைச் சேர்ந்தவை, எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. வெளியாள் ஒருவன்கூட இல்லை. கொடி மூச்சை விட்டாள். அப்புறம் அடுத்த வரியைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

“என்னட்டி?”

“ஒரு சின்ன வித்தியாசம் இருக்குமா. இந்தத் தயிர்ல இருக்கிற கிருமிக்குப் பாசி கரைக்கத் தெரியுது. சாதாரணமா தயிர்க் கிருமிக்கு அது தெரியாது. தோட்டத்துக்குப் பாசி உரந்தான போடுதாங்க, அந்த மண்ணுல பக்கத்துல இருந்த கிருமிகிட்டருந்து கத்துக்கிட்டிருக்கு. கிருமிங்க அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டருந்து வித்தையக் கத்துக்கிடும்.”

“இதுக்குத்தான் சாக்கடையில செவப்பா வந்துச்சாக்கும்?”

“இல்லம்மா.” கொடி அறிக்கையைத் திருப்பிப் பார்த்தாள். “சாக்கடையில வந்தது ஒரு ஆளோட குடல்லருந்து. பெரிய ஆளு. ஊருக் குடலு, ஆனா உள்ள பாசி கரைஞ்சிருக்கு. அப்படி ஒரு வயிறு பதிவுலயே கெடையாது. தயிரு வழியா இந்த வித்தை குடலுக்குள்ள போயிருக்கும்னு வைங்க. ஆனா பாசி சாப்பிட்டாத்தான அது தெரியும்? இந்த வீட்டுல பாசி சாப்பிடுற பெரிய ஆளு யாரு இருக்கா?”

செல்லக்கனி இல்லை என்று தலையசைத்தாள். மகளுக்காக இருபத்துநாலு வருடம் பாசிச் சேவை சமைத்திருக்கிறாள், ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை. வாசனையை வைத்தே உப்புப் போடுவாள். உப்பளத்துக்காரி, ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொன்னுலிங்கத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர் சன்னல் வழியாகக் கடலை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யப்பா.”

“என்ன?”

“என்னத்தச் சாப்பிட்டீங்க?”

பொன்னுலிங்கம் தொண்டையைச் செருமினார். “ஒதீல் வீட்டுக் கூரைய ரிப்பேர் பண்ணப் போனேன்லா, ஒரு வருசம். அவ ரொட்டி வச்சா. வேண்டாம்னு சொன்னா மொகம் வாடிரும்னு ஒரு துண்டு தின்னேன். வயித்த வலிக்கும்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். ஒண்ணும் வலிக்கல. அடுத்த வியாழக்கெழம இன்னொரு துண்டு தின்னேன்.”

“எந்த வருசம்?” என்றாள் செல்லக்கனி.

“ஒரு பன்னெண்டு வருசம் இருக்கும்.”

“வியாழக்கெழம சாயந்தரம் சீட்டு விளையாடப் போறேன்னு போனது?”

“சீட்டும் விளையாடுவோம்.” அவர் குரல் தாழ்ந்தது. “நீ மடிப்புக்குள்ள வச்சுத் தச்சு, ஆறாயிரம் கிலோமீட்டரு உசுரக் கையில பிடிச்சுக் கொண்டாந்த தயிரு. அதத் தின்னுக்கிட்டு, பாசி ரொட்டியும் நல்லாத்தான் இருக்குன்னு உங்கிட்ட எப்படிச் சொல்ல? ஒன் மனசு என்ன பாடுபடும்?”

செல்லக்கனி அவரையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று கொடி நினைத்தபோது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொன்னுலிங்கமும் சேர்ந்துகொண்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கொடி கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

“நான் மீனா, நான் மீனான்னு ஊரெல்லாம் கேட்டீங்களே” என்றாள் செல்லக்கனி, மூச்சு வாங்கிக்கொண்டு.

“மீனுதான். என்ன செய்யச் சொல்லுத?”

கொடிக்கு மட்டும் கண்ணீர் நிற்கவில்லை. இந்த இரண்டு பேரும் ஒருவர் மனது நோகக்கூடாதென்று ஒருவர் சொன்ன பொய்யில்தான் அவளுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. அந்த ஏழு காம்புகள் உறையாமல் போயிருந்தால் அவள் ஒதீல் வீட்டுச் சன்னலில் நின்று கப்பல் போவதைப் பார்த்திருப்பாள். அவள் மாதிரியை முத்திரை வைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். படிவத்தில் ‘உயிர் தோன்றிய இடம்’ என்ற கட்டத்தில் ‘ஒர்மேல்’ என்று எழுதினாள். கீழே இருந்த குறிப்புப் பகுதியில் பாவாடையைப் பற்றியும் ஒரு வரி விடாமல் எழுதினாள்.

வெளியே வந்ததும் நேராக ஒதீல் வீட்டுக்குப் போனாள். அந்தப் பேச்சை இனிமேல் தள்ளிப்போட முடியாது.

“நீங்க எனக்குத் திருப்பிக்கொடுத்த பாவாடை ஞாபகம் இருக்கா? அதுக்குள்ள...”

“துணித் துண்டு இருந்துச்சு” என்றாள் ஒதீல். “மடிப்பு விறைப்பா இருந்தது. மோந்து பாத்தேன், புளிச்ச வாசனை.”

கொடி கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தாள்.

“வீட்டுக்கு வந்து தையலைப் பிரிச்சேன். அரைமணி நேரம் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். முப்பத்தொரு பிள்ளைங்கள்ல ஒண்ணு என்னுது, கொடி. அதை அப்படியே விட என்னால முடியாது. போய்ச் சொன்னா மறுநாளே உங்களைக் கப்பல்ல ஏத்திடுவாங்க. அதுவும் என்னால முடியாது. அதனால பெரிய பானையில போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவச்சேன். காயவச்சு, பழையபடி உள்ள வச்சுத் தச்சுக் கொடுத்தேன். உங்க அம்மாவுக்கு யாரும் பாத்ததாத் தெரியக்கூடாது, பாவம்.”

“அந்த உறை கப்பல்லயே செத்துப்போச்சுன்னு அம்மா நெனச்சுக்கிட்டிருக்காங்க.”

“அப்படியே நினைச்சுக்கட்டும்.” ஒதீல் மிளகாய்ச் செடியின் காய்ந்த இலையொன்றைக் கிள்ளினாள். “அவ ஆசையா கொண்டுவந்ததை நான் கொன்னுட்டேனேன்னு மனசு கேட்கல. என்ன கொடுக்கிறதுன்னும் தெரியல. அதான் கொஞ்சம் மிளகாய் பறிச்சுக் கொடுத்தேன்.”

கொடி அவளைக் கட்டிக்கொண்டாள். வயிற்றைத் தந்தவளுக்கு அவள் எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு எதற்கு நன்றி சொல்வது என்று பட்டியல் போட அவளால் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தத் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஒதீல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

சோதனைகள் ஏழு நாள் நடந்தன. எட்டாவது நாள் சாயங்காலம் பெர்னார் பதினான்காம் வரிசைக்கு நேரிலேயே வந்தார். கொடியும் கூட வந்தாள். பாவாடை விஷயத்துக்கு ஒன்பது வயதுப் பிள்ளைமேல் வழக்கு எழுத இந்தத் தீவில் ஆள் இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் வந்தது வேறு காரியமாக.

“அம்மா, இந்தத் தயிரைச் சாப்பிட்டா வெளியிலேர்ந்து வந்த பெரியவங்களும் கொஞ்சம் கொஞ்சமாப் பாசி சாப்பிடப் பழகலாம். பிள்ளைங்களுக்கும் இதனால ஆபத்து இல்லை. போகப்போக ஒரே அடுப்பு போதும்னு ஆகலாம். அடுத்த கப்பல்ல நாப்பது குடும்பம் வருது. வாரியத்துக்கு ஒரு கரண்டி உறைமோர் வேணும்.” கையில் முத்திரை போட்ட அரசாணைக் கடிதமும் வைத்திருந்தார்.

கொடி அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் செல்லக்கனி சன்னலைப் பார்த்தாள். தெற்கத்திக் குளிர்காலம். நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்திருந்தது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கும் ஏற்றியாகிவிட்டது.

“வெளக்கு வச்சாச்சே. வெளக்கு வச்சப்புறம் உறைமோரு குடுக்கக் கூடாது. காலையில ஒரு சட்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு, கெட்டியாத் தாரேன்.”

கொடி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். பெர்னார் அரசாணையை ஒரு தடவை பார்த்தார், செல்லக்கனியை ஒரு தடவை பார்த்தார், கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “எந்த அளவுச் சட்டின்னு மட்டும் கேளு” என்றார். அவர் போனபிறகு பொன்னுலிங்கம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்று சாப்பாட்டுக்கு ஒதீலும் வந்தாள், பாசி ரொட்டியோடு. பொன்னுலிங்கம் பெண்டாட்டி கண்ணெதிரே இரண்டு துண்டு எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். செல்லக்கனி ஒரு கிண்ணத்தில் சோற்றைக் குழையப் பிசைந்து, நீல மூடியைத் திறந்து தயிரை ஊற்றினாள். உப்புப் போட்டாள். பிசைந்துகொண்டிருந்த கை பாதியில் நின்றது.

“நீ திங்கலாமாட்டி? நெசமாவே திங்கலாமா?”

“திங்கலாம்மா, உங்க கையாலயே. சோதனை அறிக்கையில நாந்தான கையெழுத்துப் போட்டேன்.”

பதினொரு வயதில் ஒருநாள் காய்ச்சலில் கிடந்தபோது, ஒரே ஒரு உருண்டை கையால் தரச்சொல்லி அழுத மகளுக்கு முன்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றவள் செல்லக்கனி. அந்தக் கைதான் இப்போது நீண்டது. இரண்டு பருக்கை மேசையில் விழுந்தது. கொடி குனிந்து வாயில் வாங்கிக்கொண்டாள். குளிர்ந்த சோறு, ஆட்டுப்பால் தயிரின் லேசான புளிப்பு, அம்மா கையின் வாசனை.

“உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டாள் செல்லக்கனி.

மகளிடம் அவள் இத்தனை வருடம் கேட்காத கேள்வி. கொடிக்கு வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டு, முப்பத்துமூன்று வயது ஆய்வாளர், மறுபடியும் வாயைத் திறந்து காட்டினாள்.